மூன்றாவது வந்ததை நான் எழுதவில்லை

பழைய ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் செவ்வாய்க்கிழமை காலை அந்தச் செய்தி வந்தது. அருள்மேரி டீச்சர் இறந்துவிட்டார். கும்பிடும் கைகள் நாலைந்து வந்தன. அதற்குக் கீழேயே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கும் நம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியை. நான் வரலாறு எடுத்தேன். மைதானம் என்று இருந்தது நெருஞ்சி மண்டிய ஒரு பொட்டல். பிரேயருக்கு முன்பே வந்து சுண்ணாம்புப் பொடியால் ஓடுதளத்துக்குக் கோடு போடுவார். மலைக்காற்று அதைக் கலைத்துவிடும். மறுநாள் திரும்பப் போடுவார்.

ஒரு வருடம் தேனியில் நடந்த மாவட்டப் போட்டியில், தொடர் ஓட்டத்தில் நம் பெண்கள் முதலாவதாக வந்தார்கள். பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து மாவட்டக் கோப்பை எதுவும் வந்ததில்லை. துணைக்குப் போயிருந்த நான் தலைமையாசிரியருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். டீச்சர் நடுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கடைசியாக ஓடிய செல்வி, கைமாற்றும் குச்சியை அதற்கென்று போட்ட கோட்டைத் தாண்டிப் போய்த்தான் வாங்கினாள் என்று அவரே சொன்னார். நடுவர்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. நம் அணியை நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் செல்வியின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். "அடுத்தவுக செஞ்சா பரவால்ல. எங்க புள்ளய நீங்களே தோக்கடிச்சிட்டீகளே," என்றார்.

"தோத்தது நான்தாங்கய்யா. கோட்டுக்குள்ள வாங்கப் பழக்காதது என் தப்பு," என்றார் டீச்சர்.

அதன்பிறகு ஆசிரியர் அறையில் அவரோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை. மற்றவர்கள் எழுந்து போனபோது நானும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அதே பெண்கள் ஓடி மூன்றாவதாக வந்தார்கள். பிற்பாடு ஆண்டு மலரில் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கட்டடம் எழும்பிய கதை, வந்துபோன தலைமையாசிரியர்கள், தேர்வு முடிவுகள் எல்லாம் எழுதினேன். தொடர் ஓட்டத்தை விட்டுவிட்டேன். டீச்சர் அதை முழுக்கப் படித்தார். "மூணாவது வந்ததையாவது போட்டிருக்கலாம் டீச்சர்," என்று மட்டும் என்னிடம் சொன்னார். இப்போதுதான் போடுகிறேன்.

அடக்கத்துக்குப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் நாலு பேர். கம்பத்தில் நர்ஸாக இருக்கும் செல்வி வந்திருந்தாள். அந்தத் தோல்விக்குப் பிறகு அவளை ஓடக்கூடாது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். "டீச்சர் தெனமும் விடியக்காலைல எங்க வாசல்ல வந்து நிப்பாக. ஒண்ணும் பேசமாட்டாக. ஒரு மாசம் பாத்துட்டு அப்பாவே என்ன ஓடப் போகச் சொல்லிட்டாரு," என்றாள். இது எனக்குத் தெரியாது. நமக்கு யாருக்கும் தெரியாது.

பணி நிறைவு நாளில் அவரை பஸ் ஏற்றிவிட நான் ஒருத்திதான் போனேன். ஏறும்போது, "ஒருநா வீட்டுக்கு வாங்க டீச்சர். நான் மட்டுந்தான இருக்கேன்," என்றார். வருகிறேன் என்றேன். ஆறு வருடம் ஆகிறது. என் கணவர் போனபிறகு நானும் தனியாகத்தான் இருந்தேன், ஆனாலும் போகவில்லை. நான் இருக்கும் தேனியிலிருந்து அவர் ஊர் முக்கால் மணி நேரம்தான் என்பது புதன்கிழமை அடக்கத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. அவர் என்னை ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.