‘சொந்தம்’ என்று எழுதிய பெட்டி

1982 மார்ச் 4: மெமரி காவல் சிப், முன்பணம் 6,000
1982 ஜூன் 14: சில்லறை சிப்புகள், செலவு 412
1982 ஆகஸ்ட் 30: முதல் கணினி, முன்பண வரவு 11,500

முதல் தொகை நாங்கள் காத்திருந்ததற்கு. இரண்டாவது, என் கொழுந்தியாள் காத்திருக்க மாட்டேன் என்றதற்கு.

மருந்துக் கடை ஒன்றின் மாடியில் அலுவலகக் கணினி செய்துகொண்டிருந்தோம். நான் ஸ்டோர் பார்த்தேன். ரேடியோ பழுதுபார்க்கும் வேலைக்கு வந்த அவள், சர்க்யூட் வரைபவளாக உயர்ந்திருந்தாள். ஒரே கணினியில் இருவர் வேலை செய்தால், ஒருவருடைய புரோகிராம் மற்றவருடைய மெமரிக்குள் கால் வைக்கக் கூடாது. அதைக் காவல் காக்கும் சிப்புக்குப் பணம் வாங்கிய கம்பெனி, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே கடிதம் போட்டது. சாதாரண சிப்புகளைக் கோத்து அந்தக் காவலை நாமே போடலாம் என்றாள் அவள்.

“ரெடிமேட் சட்டை வரப்போகுது. நீ எதுக்கும்மா துணி வாங்கித் தைக்கிற?” என்றார் முதலாளி.

“அது வர்ற வரைக்கும் வெறும் உடம்போட நிக்கணுமே சார்.”

சிரித்துவிட்டார். ஆனால் கெடுவும் வைத்தார். திங்கட்கிழமை கணினி வாங்க வருபவர் முன்னால், சிப்புகள் கோத்த அவளுடைய போர்டு ஓடாவிட்டால், அவள் மறுபடி பழுது மேசைக்கே போக வேண்டும்.

காவல் பிந்தக் கூடாதென்று வேகமான சிப்புகளைச் சோதித்துப் பொறுக்கி ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். எங்கள் சொந்தத் தயாரிப்புக்கு உரியவை என்பதால் ‘சொந்தம்’ என்று எழுதி ஒட்டினேன். சனிக்கிழமை நான் சாப்பிடப் போனபோது முதலாளியின் தம்பி ஸ்டோருக்கு வந்தார். நான் என் சொந்தக்காரிக்குச் சரக்கு ஒதுக்குவதாக நினைத்து, பெட்டியை அப்படியே பொதுத் தட்டில் கவிழ்த்துவிட்டார். வேகமானதும் மந்தமானதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான் தலையில் கை வைத்தேன். அவள் அவருக்கு நாற்காலி போட்டாள்.

“கொட்டுனவங்கதான் பொறுக்கணும், சின்னவரே. உக்காருங்க.”

ஞாயிறு முழுக்க ஒவ்வொரு சிப்பாகச் செருகிச் சோதித்தார். “இதுவும் என்னை மாதிரிதான், லேட்டாத்தான் எந்திரிக்குது” என்று ஒன்றை ஒதுக்கியபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாலையில் பெட்டி நிறைந்தது; இரவோடு இரவாக அவள் போர்டைக் கோத்தாள்.

திங்களன்று, வந்தவர் கண்ணெதிரிலேயே ஒரு புரோகிராமை வேண்டுமென்றே கவிழ்த்தாள். அந்தத் திரை உறைந்தது. அதே கணினியின் பக்கத்துத் திரையில் சம்பளக் கணக்கு தன் பாட்டுக்கு ஓடியது. அவர் அங்கேயே பணத்தை எடுத்தார். அன்று முதல் முதலாளிக்கு அவள் ‘தையல்காரம்மா’. அவள் ஓய்வு பெறும்வரை அந்தப் பேர் போகவில்லை.

சிப் தயார், மீதிப் பணம் அனுப்புங்கள் என்று அந்தக் கம்பெனியின் கடைசிக் கடிதம் வந்தபோது, எங்கள் கணினியின் மெமரி இரண்டு மடங்காகியிருந்தது. அந்தச் சிப் பழைய அளவைத்தான் காக்கும்; இதற்கும் அவள் போர்டுதான் காவல். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“சட்டை வந்துருச்சா அத்தான்? நாம வளந்துட்டோமே.”

கடிதம் வந்தது 1983 ஏப்ரல் 12.