கொம்பில்லாத மாதத்தில்

வால்புர்காவின் விரல் நுனிகளில் ரேகை அழிந்துபோயிருந்தது. பதினெட்டு வருஷமாக மான்கொம்பை அரத்தால் அராவிய கை. ஹார்ஸ் என்னும் மலையின் காட்டில் மான்கள் உதிர்த்த கொம்புகளை அவள் கணவன் ஃபைட் பொறுக்கி வருவான். அவள் பொடியாக்கி நகரத்து மருந்துக்கடைக்கு அனுப்புவாள். அந்தப் பொடியைக் கூழாகக் காய்ச்சிக் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்கள். கருக்கி, காய்ச்சலுக்குக் கொடுப்பார்கள். உதிர்ந்த கொம்பை எடுக்கப் பிரபுவின் அனுமதி உண்டு. மானைக் கொன்றால் கோட்டைச் சிறை.

கொம்பைப் பார்த்தே ஃபைட் மானின் வயதைச் சொல்லிவிடுவான்.

"இவன் கிழவன். இது நேத்து மீசை முளைச்ச பய."

"மனுஷங்க மூஞ்சிய என்னைக்காவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?"

"உன் மூஞ்சியத்தான் இத்தனை வருஷமா பாக்குறேன். வயசு பிடிபடலையே!"

ஒரே மகள் ஓட்டிலி. இரண்டு பிள்ளைகளை இறந்தே பெற்றவள். மூன்றாவது முறை எட்டாம் மாதத்தில் அவள் கால்கள் வீங்கின. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவச்சி வால்புர்காவைத் தனியே கூப்பிட்டாள்.

"வயசான ஆண்மானோட இதயத்துல சிலுவை மாதிரி ஒரு எலும்பு இருக்கும். அதை மார்புல கட்டிவிடு. இல்லேன்னா இந்தத் தடவை பொண்ணும் தங்கமாட்டா."

சாவுபயத்தில் மானின் நெஞ்சு வெடிக்காமல் காப்பது அந்த எலும்புதான் என்று அந்த ஊரில் நம்பாதவர் இல்லை. வால்புர்கா வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் வெடித்தாள்.

"காட்டுல நூறு மானுக்கு நடுவுல திரியுறீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு எலும்பு கெடைக்காதா?"

ஃபைட் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அது மார்ச் மாதக் கடைசி. ஆண்மான்கள் எல்லாம் கொம்புதிர்த்து மொட்டைத்தலையோடு திரிகிற காலம். மறுநாள் மதியம் வனக்காவலர்கள் ஃபைட்டைக் கட்டி ஊர்வழியே இழுத்து வந்தார்கள். முழங்கைவரை ரத்தம். வால்புர்கா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எலும்பு இல்ல, புள்ள. இளசு. பெரிய உடம்பப் பாத்து ஏமாந்துட்டேன். கொம்பு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஓட்டிலிய..."

காவலன் அவனை முன்னால் தள்ளிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து ஓட்டிலிக்கு வலி எடுத்தது. ஒன்றரை நாள் துடித்தாள். பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு வால்புர்கா இரண்டு நாள் நடந்து கோட்டைக்குப் போனாள். உள்ளே விடவில்லை. "நான் சொல்லிடறேன், போ" என்று வாசல் காவலன் அவள் கொண்டுபோன தொத்திறைச்சியை வாங்கிக்கொண்டான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த மத்தியானமே ஆற்றோரமாக மதிலுக்குக் கீழே போய் நின்று கத்தினாள்.

"ஃபைட்! பொம்பளப்புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

குரல் கம்மிப்போகும்வரை கத்தினாள். கேட்டிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பினாள்.

மறுவருஷம் இலையுதிர்காலத்தில் யோப்ஸ்ட் என்பவன் வந்தான். ஃபைட்டோடு ஒரே கொட்டடியில் கிடந்து விடுதலையானவன். ஃபைட் குளிர்காலத்திலேயே மார்புச்சளியில் இறந்துபோனதைச் சொன்னான். வால்புர்கா அழவில்லை. அவனுக்கு முட்டைக்கோஸ் சூப் ஊற்றி வைத்தாள். தத்தித் தத்தி வந்த குழந்தை அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"யாரும்மா இது?"

"என் பேத்தி. ஓட்டிலி மக."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஓட்டிலி உசிரோட இருக்காளா?"

"ஏன் கேக்குறீங்க?"

"'எம்பொண்ணு குழிக்குள்ள கெடக்கா, நான் இளசக் கொன்னதாலதான் செத்துட்டா'ன்னு சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தானே!"

"நான் போய்க் கத்திச் சொன்னேனே! ஆத்தோரமா நின்னு, தொண்டை கிழியக் கத்தினேனே!"

யோப்ஸ்ட் தலை குனிந்தான். "பகலெல்லாம் எங்களை மலைக்கு அந்தப் பக்கம், கல்லு உடைக்கத்தாம்மா வச்சிருந்தாங்க."

அப்போதுதான் ஓட்டிலி தண்ணீர் வாளியோடு உள்ளே வந்தாள். வந்தவன் யார், என்ன செய்தி கொண்டு வந்தான் என்று வால்புர்கா சொன்னதும் அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

"புள்ள பொறந்தது அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்டி" என்றாள் வால்புர்கா. "கேட்டுட்டு அப்படிச் சிரிச்சாராம். இவருதான் சொன்னாரு."

யோப்ஸ்ட் ஓட்டிலியை நிமிர்ந்து பார்த்தான். ஆமாம் என்று தலையசைத்தான்.