நீல நூல் கட்டிய பாட்டில்

மருந்துக்குப் போகிறவர்கள் பாட்டிலைக் கையோடு கொண்டுபோக வேண்டிய காலம் அது. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த டிஸ்பென்சரியில் ஆட்களுக்குப் பதிலாகப் பாட்டில்களே வரிசையில் நிற்கும். விடிவதற்கு முன்னால் வராந்தாவில் சுவரோரமாகப் பாட்டிலை வைத்துவிட்டால், நோயாளி கஞ்சி குடித்துவிட்டு நிதானமாக வரலாம். ஏழு மணிக்குக் கம்பவுண்டர் வந்து ஒவ்வொரு பாட்டிலிலும் நம்பர் சீட்டு ஒட்டுவார். அதுவரை வீட்டிலிருந்து ஒருவர் காவல் இருக்க வேண்டும். அடுத்தவர் பாட்டிலை யாரும் தொடக் கூடாது. காவல் இல்லாத பாட்டில் கடைசிக்குப் போய்விடும். இதை யாரும் எழுதி மாட்டவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் லேடி டாக்டர் வருவார். பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பார். இருபது பேர்தான். பத்து மணிக்கு அவருடைய ரிக்‌ஷா வந்துவிடும்.

ஒன்பது வயதில் அந்தக் காவல் வேலை எனக்குக் கிடைத்தது. தம்பிக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் கல்யாணக் களை. அம்மா தம்பியின் கழுத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். அவன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். பிறகு தானும் தலைக்குக் குளித்தாள். நகம் வெட்டிக்கொண்டாள். கோயிலுக்குக் கட்டுகிற ஊதாப் புடவையை மடித்துப் பாயின் அடியில் வைத்தாள். தம்பியின் காதுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம்.

இரண்டு பாட்டில்களைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். ஒன்று கிரைப் வாட்டர் பாட்டில். அதன் கழுத்தில் சிவப்பு நூல். மற்றது, துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச்சு ஓட்டிய நைனா ஏதோ கப்பலிலிருந்து கொண்டுவந்த தட்டைப் பாட்டில்; அதற்கு நீல நூல்.

"சிவப்பு தம்பிக்கு. நீலம் யாருக்கு?"

"பக்கத்து வூட்டு அத்தைக்கு. வயித்துவலியாம். நைனா கிட்ட சொல்லாத, அத்தைக்கு வெக்கமா பூடும்."

அன்று மாலை அடுப்படியில் அம்மா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூணு மாசமா அடிவயித்துல வலி, குனிஞ்சா நிமிர முடியல, வூட்டுக்குத் தூரமானா நிக்கமாட்டேங்குது. அத்தைக்காக மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் அப்படித்தான் இருக்கும்.

காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் நைனா என்னை டிஸ்பென்சரி வாசலில் விட்டார். நீலப் பாட்டில் என் பாவாடை மடிப்பில் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டே பாட்டில்கள்! மூன்றாவதாகச் சிவப்பை வைத்தேன். நைனா தெருமுனை திரும்பியதும் நான்காவதாக நீலத்தை வைத்தேன். எங்கள் தெருவிலேயே இரண்டு இடம் பிடித்த முதல் ஆள் நான்தான் என்று தோன்றியது. முதல் பாட்டிலின் சொந்தக்காரி ஒரு மீன்காரம்மா. "இன்னா பாப்பா, கடை வச்சிருக்கியா? ரெண்டு பாட்டிலு?" என்றாள். காவல்காரர்கள் பேசக் கூடாது என்று நானே முடிவுசெய்திருந்தேன்.

ஏழு மணிச் சங்கு ஊதியது. கம்பவுண்டர் வந்து விரல் நீட்டி எண்ணினார். இருபதாவது பாட்டிலோடு விரல் நின்றது.

"மத்தவங்க அடுத்த மாசம் வாங்க."

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஜட்காவில் வந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மாளின் பாட்டில் இருபத்து மூன்றாவது. அவள் துப்பட்டியை விலக்கிக் கைக்குழந்தையைக் காட்டினாள். "ஒடம்பு நெருப்பா கீதுங்க. ரெண்டு நாளா பால் குடிக்கல."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போம்மா. இங்க இருபதோட சரி."

நான் எழுந்து நின்றேன். எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. நீலப் பாட்டிலை எடுத்தேன். "இது பக்கத்து வூட்டு அத்தையுது. அவங்களுக்குச் சும்மா வயித்துவலிதான். இவங்க போகட்டும்" என்றேன். பாட்டிலைக் காக்கிறவர் விட்டுக்கொடுத்தால் செல்லும். அந்த அம்மாளின் பாட்டில் நான்காவது இடத்துக்கு வந்தது.

"எவ வயித்துல பொறந்துச்சோ, தங்கம்!" என்று மீன்காரம்மா எனக்குத் திருஷ்டி கழித்து ஒரு கமர்கட் கொடுத்தாள். கம்பவுண்டர் தலையில் தட்டினார். எட்டு மணிக்கு அம்மா ஊதாப் புடவையில் தம்பியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் வந்தபோது, ஓடிப்போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வராந்தாவைப் பார்த்தாள். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அந்தக் குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லதுதான் செஞ்ச" என்றாள்.

மூன்றாம் நம்பர் கூப்பிட்டபோது நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா தம்பியின் காதில் விளக்கடித்துப் பார்த்து, சீட்டு எழுதி, "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். கதவைப் பிடித்தபடி கம்பவுண்டர் நின்றார். அவருக்குப் பின்னால் அந்தக் குழந்தை அழுதது.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அம்மா.

சாயங்காலம் குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடம் தண்ணீரோடு போனாள். "அத்தே, வயித்துவலி இப்ப எப்படி கீது?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுடி வயித்துவலி? கல்லைத் தின்னாலும் செரிக்கும்!" குடம் தளும்பச் சிரித்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் விட்டுக்கொடுத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக்கு ஓடி, "அம்மா, அத்தைக்கு மருந்து இல்லாமலே சரியா பூடுச்சு!" என்று கத்தினேன்.

"அப்படியா" என்று அம்மா திரும்பாமலே சொன்னாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தட்டைப் பாட்டிலை மேல் பலகையில் வைத்தாள். நூலை அவிழ்க்கவில்லை.

நான் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து எண்ணினேன். மறுபடி பாட்டில் காக்கப் போவதற்கு இன்னும் இருபத்தெட்டு நாள். அதே நாட்களை அம்மாவும் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.