நேர்த்தி என்று நினைத்த கயிறு

எங்கள் ஊர் தேற்றாத்தீவில் அம்மன் கோயில் சடங்கு தொடங்கினால், நேர்த்திக்கடன் வைத்தவர்கள் பூசாரியிடம் போய்க் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். மஞ்சள் கயிறுதான். சடங்கு முடியும்வரை மீன், இறைச்சி தொடமாட்டார்கள். இந்த முறை என் மகனின் கையிலும் ஒரு கயிற்றைக் கண்டேன். அவனுக்குப் பதினாறு வயது. தகப்பன் கட்டாரில். கேட்டதற்கு, "நேர்த்தி அம்மா" என்றான். எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல! வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னேன். கட்டாருக்கும் போன் எடுத்துச் சொன்னேன்.

அன்றோடு மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். வாவி மீன் இல்லாமல் சோறு இறங்காதவன், பருப்பையும் முருங்கைக்காயையும் பேசாமல் தின்றான். அம்மாளாச்சி பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடுத்துவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள்கள் வந்து ஹோர்ன் அடிக்கும். இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவான். கோயில் வேலை என்பான். வந்தவர்களில் ஒருவனாவது ஏன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்று நான் யோசித்தேனா? இல்லை. அம்மன் பெயரைக் கேட்டதும் என் மூளை நின்றுவிட்டது.

சடங்கு முடிந்து காப்பு அவிழ்க்கும் காலையில் கோயிலடியில் இவனைக் காணவில்லை. வெட்கத்தோடு பூசாரியிடம் போனேன்.

"ஐயா, மகன் பிந்திப்போனான். பின்னேரம் கூட்டிக்கொண்டு வந்தா அவிழ்ப்பீங்களா?"

அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "உங்கட மகனுக்கு நான் காப்புக் கட்டல்லியே, புள்ள."

என்ட அம்மாளே! வீடு வரைக்கும் எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மகன் கட்டிலில் சுருண்டு கிடந்தான். கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சளுக்குள் ஒரு கறுப்பு இழை பின்னிக் கிடந்தது. நேர்த்திக் கயிற்றில் யாராவது கறுப்புப் பின்னுவார்களா? என் கண் அவ்வளவு நாளும் மஞ்சளை மட்டுமே பார்த்திருக்கிறது.

"ஆருடா இதக் கட்டினது?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்து கயிற்றில் வைத்தேன். அவன் கையைப் பறித்துக்கொண்டு கத்தினான்.

"அறுக்காதீங்கம்மா! அறுத்தா என்னய வெட்டுவாங்க!"

வாள்வெட்டுக் குழு என்று செய்தியில் சொன்னால், எவளோ பெற்ற காவாலிகள் என்று ஏசிவிட்டு டிவியை நிறுத்துகிறவள் நான். அந்த எவளோ நான்தான் என்று அப்போது விளங்கியது.

அழுதழுது சொன்னான். கயிறு அந்தக் குழுவின் அடையாளம். "வீட்டில கேட்டா நேர்த்தி எண்டு சொல்லச் சொன்னாங்க. அப்பிடிச் சொன்னா ஒரு அம்மாவும் மறுகா ஒண்டும் கேக்க மாட்டாங்களாம்." இன்றைக்குப் பின்னேரம் ஒருவனை வெட்டப் போகிறார்கள். வாளை இவன் கையில் கொடுப்பார்களாம்.

என் அண்ணன் கரடியனாற்றில் வயல் செய்கிறார். அவருக்குப் போன் எடுத்தேன். பாதி சொல்வதற்குள்ளேயே, "புள்ள முழுசா இருக்கானா?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இப்பவே கூட்டிக்கொண்டு வா. பொலிசுக்கு நானும் வாறன். முதல்ல அவன் அங்க நிக்கக்கூடாது."

மாற்று உடுப்புக்கூட எடுக்கவில்லை. வீட்டின் பின்வேலியால் புகுந்து, வந்த பஸ்ஸில் ஏறினோம். மகனின் முழங்கை என் பிடியிலேயே இருந்தது. கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவன் போன் அடித்தது. பார்த்தான். போனை என்னிடம் நீட்டினான்.

"நான் அவன்ட அம்மா கதைக்கிறன்" என்றேன். அவர்களைக் கிழி கிழி என்று கிழிக்க வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

மறுபக்கத்தில் இன்னும் உடையாத குரல். என் மகனை விடச் சின்னப் பிள்ளையின் குரல்.

"அம்மா, எந்த பஸ்ஸில போறீங்க?"

அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். சேர்த்து வைத்த வார்த்தையில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. போனை நிறுத்தினேன். மகனை ஜன்னல் ஓரத்திலிருந்து எழுப்பி, அந்த இடத்தில் நான் இருந்துகொண்டேன்.