மாமாவின் நெற்றிக்காசு

ஈப்போவில் தபால் நிலையத்தில் எனக்கு வேலை. ஓய்வு நேரமெல்லாம் பழங்காசுதான். ஒருமுறை பழைய டவுனில் கடையோர அஞ்சடி நடைபாதையில் துணி விரித்து விற்றவனிடம் ரோமக் காசென்று நம்பி வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அச்சில் அடித்த காசில் இருக்கவே கூடாத வார்ப்புக் கோடு விளிம்பில் பல்லிளித்தது. அதிலிருந்து சூடு கண்ட பூனை ஆகிவிட்டேன். யார் காசை நீட்டினாலும் முதலில் நீட்டியவன் முகத்தைத்தான் பார்ப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் என் தங்கையின் கணவர் ஒரு காசோடு வந்தார். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த அவர் அப்பாவுடையது. அந்தப் பெரியவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்; மகனும் நானும் ஒருவருக்கொருவர் மச்சான். சின்ன வயதில் கரூர் ஆற்று மணலில் எடுத்து, கப்பலேறும்போது வேட்டியில் முடிந்துகொண்டு வந்தாராம். சாமி மேடையில் வைத்திருந்தார். தான் செத்தால் நெற்றியில் அந்தக் காசைத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தோட்டத்து ஆட்களோ வெள்ளைக்காரன் சட்டைப் பொத்தான் என்று கேலி செய்தார்கள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மச்சான். நல்ல காசுன்னா அப்பா ஆசப்படி செஞ்சிருவோம்லா," என்றார்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய வெண்கலம். ஒரு பக்கம் முத்துப்பட்டை கட்டிய அரசன் தலை. மறுபக்கம் இரண்டு வீரர்கள், நடுவே கொடிக்கம்பு, காலடியில் காசு அடித்த ஊரைச் சொல்லும் எழுத்துகள். எல்லாம் நூலகப் புத்தகத்தில் ரோமக் காசுக்குப் போட்டிருந்தபடியே இருந்தன. அதுவே எனக்கு உறுத்தியது. போலி செய்பவனுக்கும் நூலகம் திறந்துதானே இருக்கிறது? ஆயிரத்து அறுநூறு வருடக் காசென்றால் பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பு தோல் மாதிரி படிந்திருக்க வேண்டும். இது மஞ்சளாக மினுமினுத்தது. வார்த்தெடுத்தது போலக் கோடுகள் வேறு மழுங்கியிருந்தன. அரசனின் காது மடிப்பில் மட்டும் துளி பச்சை தெரிந்தது. எவனோ சாயம் பூசியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

கள்ளக்காசு என்று சொன்னேன். மாமா யாரிடமோ வாங்கிவிட்டுக் கதை கட்டியிருப்பார் என்றும் சேர்த்துச் சொன்னேன். என் வாய் அப்படி. மச்சான் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறு வருடம் மாமா இறந்தார். கள்ளக்காசோடு அனுப்பக் கூடாதென்று மச்சான் அவர் நெற்றியில் ஓர் இருபது காசை வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நல்லவேளை, முன்பே சொல்லிவிட்டோம் என்று நிம்மதிகூட இருந்தது.

கருமாதிக்கு மறுநாள் மாமாவின் மனைவி சாமி சாமான்களைத் துலக்க உட்கார்ந்தார். விளக்கு, மணி, தட்டு எல்லாம் முடிந்தபின் அந்தக் காசையும் எடுத்துப் புளியும் சாம்பலும் வைத்து அழுத்தித் தேய்த்தார். இதையுமா தேய்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தேய்க்கிறேன் தம்பி. சாமிகிட்ட இருக்கிறது கறுத்துப் போலாமா?"

நாற்பது வருடப் புளி. களிம்பு போனதும் கோடுகள் மழுங்கியதும் அதில்தான். காசை வாங்கி, காது மடிப்பிலிருந்த பச்சையை ஊசியால் சுரண்டினேன். சாயமாக இருந்தால் உதிர்ந்திருக்கும். அது கல்லாக இறுகிக் கிடந்தது.

நல்ல காசுதான், தப்பு என்னுடையது என்று மச்சானிடம் அன்றே சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலை. காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கடைசி நாள்ல இதத்தான் கேட்டாரு. மச்சான் பாத்துட்டாரு, கள்ளக்காசுப்பான்னு சொன்னேன். சரின்னு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."