சாம்பல் வண்டல்

மண்வாசனை என்று யாராவது உருகினால் எனக்குக் குமட்டும். பதினாறு வருடமாக மண்ணை மோந்து பார்த்து, நனைத்துப் பிசைந்து, தேவைப்பட்டால் முன்பல்லில் வைத்து நெரித்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். திருவொற்றியூரில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முதல் மழை விழுந்ததும் எழும்புவதாக ஊரெல்லாம் கொண்டாடும் அந்த வாசனை எங்கள் பக்கத்தில் எழும்பி நான் பார்த்ததில்லை. இங்கே எழும்புவது டீசலும் கருவாடும் சாக்கடையும் சேர்ந்த ஒன்று. புளியந்தோப்பில் பிறந்தவளுக்கு அதைச் சொல்ல கலீஜ் என்ற ஒரு சொல் போதும்.

ஒரு மண் என்ன மண் என்று தீர்மானிப்பதை வெளியாட்கள் பெரிய வித்தை என்று நினைக்கிறார்கள். மூன்று விஷயம்தான். கூடத்தில் கிடைப்பது ஒன்று: மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு, உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு. இரண்டாவது வானம்: எவ்வளவு மழை, எவ்வளவு வெயில், நிலத்தடி நீர் எந்த மாதம் எந்த ஆழத்தில். மூன்றாவது நிலத்தின் கிடை: மேடா, பள்ளமா, ஆற்றோரமா, கடலோரமா. மூன்றையும் பொருத்திப் பார்த்தால் அந்த மண் எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துவிடும். கடல் கொண்டுவந்ததா, ஆறு கொண்டுவந்ததா, அங்கேயே பாறை உடைந்து உண்டானதா. குழாய் உடைந்து கொட்டியதா என்று கேட்கும் கட்டம் மட்டும் எந்தப் படிவத்திலும் கிடையாது.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு மேற்கே ஒரு ஊர். ஊர்ப் பெயரும் வேண்டாம், பக்கத்தில் நிலக்கரி எரிக்கும் மின் ஆலையின் பெயரும் வேண்டாம். அங்கே கால் ஏக்கரில் கீரை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நிலத்தில், ஆலையிலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஓட்டும் குழாய் உடைந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கூழ் மாதிரி பரவி நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்தது, சாம்பல் உட்கார்ந்துகொண்டது. அவள் மனு மேல் மனு போட்டாள். ஆலைக்காரர்கள், அந்த மண்ணே அப்படித்தான், கழிமுகத்து மண் வேறெப்படி இருக்கும் என்று பதில் எழுதினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி, அது என்ன மண் என்று பரிசோதித்துச் சொல்லட்டும் என்று எங்கள் கூடத்துக்கு அனுப்பினார். வெளியிலிருந்து வந்தது என்று அறிக்கை சொன்னால் ஆலை அதை வாரிக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்து மண்தான் என்று சொன்னால் மனு மூடப்படும், அவள் கீரை போடுவதும் அதோடு முடிந்தது.

நான் போன அன்று கடற்காற்று. நிலத்தில் கால் வைத்ததும் புகை மாதிரி எழும்பியது. மூக்கு, காது, ரவிக்கைக்குள் எல்லாம் நுழைந்தது. அந்தப் பெண் என் வயதுக்காரி, நாற்பத்தைந்து இருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள்.

"வா மேடம். குயி நோண்டணும்னாங்கோ, நானே நோண்டி வெச்சுகீறேன். ஆள் இஸ்துகினு வந்து நீ இன்னாத்துக்குப் பேஜாரு பட்ற?"

இடுப்பளவு குழி. அதன் சுவரைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு பச்சைக்குழந்தைகூட நடந்ததைச் சொல்லிவிடும். மேலே முழங்கை நீளத்துக்கு வெளிறிய பொடி. அதற்குக் கீழே கத்தியால் கோடு போட்டது மாதிரி சட்டென்று கறுப்புக் களி, அதில் சிப்பி ஓடுகள், மட்கிய கீரை வேர்கள். வேரோடு செடியைப் புதைத்து மேலே மூடியிருக்கிறார்கள். அவள் குழிக்குள் இறங்கிக் கறுப்புக் களியைப் பிடித்தெடுத்து, உருட்டி, என் கையில் வைத்தாள்.

"இத்தான் மேடம் என்து. மேல கீறது என்து இல்ல. அத்த வழிச்சு எட்துட்டா போதும், வேற ஒண்ணும் கேக்கல நானு."

மேலே இருந்ததை விரலில் நனைத்துத் தேய்த்தேன். வழுக்கியது, ஒட்டவில்லை. முன்பல்லில் வைத்தேன். அன்று முழுக்க அந்தக் கரகரப்பு வாயை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு முறை வாய் கொப்பளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், சோற்றிலும் அதே கரகரப்பு. தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

குழிக்கு ஒரு கார்டு நிரப்ப வேண்டும். மேலடுக்கு என்று ஒரு கோடு. அதன் கீழே மணல், வண்டல், களி என்று அச்சடித்து, பொருந்துவதை வட்டமிடு என்று போட்டிருக்கும். வட்டமிடாத கார்டைக் கூடத்தில் வாங்கமாட்டார்கள். நான் கோட்டில் "சாம்பல்" என்று எழுதினேன். விரலுக்கு வண்டல் மாதிரி நைசாக இருந்ததால் வண்டலை வட்டமிட்டேன். நிறம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையை யாரோ எடுத்துப் போய் மாதக்கணக்காகிறது, தவிர சாம்பலுக்கு நிறம் வேறு எதற்கு என்று நினைத்தேன். வேர்வையும் பொடியும் சேர்ந்து கழுத்தில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் அங்கிருந்து போனால் போதும் என்று இருந்தது. அதுவும் உண்மை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

கூடத்தில் மாதிரியைச் சலித்து, நீர் ஊற்றிக் கலக்கி, நீளமான கண்ணாடி ஜாடியில் நிறுத்தினேன். மணல் முதலில் இறங்கும், பிறகு வண்டல், களி கடைசியில். இறங்கும் வேகத்தை வைத்துத்தான் எது எவ்வளவு என்று அளப்போம். இது பாதி இறங்கியது. மீதி மேலேயே பால் ஆடை மாதிரி மிதந்தது. சாம்பலில் உள்ளே காற்றடைத்த பொடிமணிகள் உண்டு, அவை மூழ்காது. சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாள், மிதக்கும் குப்பையை வழித்தெறிந்துவிட்டு அளக்கச் சொல்கிறது. இலை, வேர், செத்த பூச்சி இவற்றை நினைத்து யாரோ எழுதிய வரி. நான் கரண்டியால் வழித்துத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கார்டில்தான் சாம்பல் என்று எழுதியாயிற்றே என்ற நிம்மதி.

மழைக் கணக்கை எங்கோ உள்ளே தள்ளியிருக்கும் ஒரு நிலையத்திலிருந்து எடுத்தார்கள். நிலக் கிடையை விண்வெளிப் படத்திலிருந்து. அந்தப் படத்தில் ஆலை சாம்பலைத் தேக்கும் குட்டை அழகான ஏரி மாதிரி தெரிந்தது, கீழே "நீர்நிலை" என்று குறிப்பு. எழுதியவன் ஒரு முறை அந்தக் கரையில் நின்று மூச்சு இழுத்திருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம், பேப்பர் வந்துட்ச்சு. தமிழ்லயே குட்த்துகீறாங்கோ. மேலடுக்கு, சாம்பல் வண்டல். சாம்பல்னே போட்டுகீது மேடம். ஊரே பட்ச்சுப் பாத்துட்டாங்கோ. நீ நல்லா இருப்ப."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், கோப்பிலிருந்த ஆங்கில அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதிகாரி படிப்பது அதைத்தான். கிரே சில்ட் என்று இருந்தது. சாம்பல் நிற வண்டல். கழிமுக ஓரத்தில் இயல்பாகப் படிவது, சாகுபடிக்கு ஏற்றதல்ல. மழை, கிடை, ஜாடி அளவு மூன்றும் அதற்கு அச்சாகப் பொருத்தப்பட்டிருந்தன. தமிழில் சாம்பலும் சாம்பல், அதன் நிறமும் சாம்பல். என் ஒரு சொல்லை எடுத்து ஆலைக்காரன் சொன்னதையே அறிக்கையாக்கிவிட்டார்கள்.

கூடத் தலைவரிடம் போனேன். அறிக்கையை எழுதுவதும் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. விரலை விட்டுத் துழாவிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"சார், நான் எழுதுனது நிறம் இல்ல. அது சாம்பலேதான்."

"நிறக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க. வண்டலை வட்டம் போட்டிருக்கீங்க. மேல சாம்பல்னு இருக்கு. நான் வேற என்னன்னு எடுத்துக்கறது?"

"ஜாடில மிதந்தது சார். மண்ணு மிதக்குமா?"

"மிதந்ததை வழிச்சீங்களா?"

"வழிச்சேன்."

"எங்க அது?"

கூடத்துத் தொட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"திருத்தம் குடுக்கலாம்மா. யாரு தப்புன்னு கேப்பாங்க. நான் உங்க கார்டைத்தான் எடுத்துக் காட்டணும்." விரலை நக்கிக்கொண்டார். "அடுத்த மாசம் கூடத்துக்கு அங்கீகாரம் புதுப்பிக்க வர்றாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவர்மேல் முழுசாக ஆத்திரப்பட்டிருக்கலாம். நக்கிய அந்த விரல்மேலேயே பழியைப் போட்டுவிடலாம் என்றிருந்தது. ஆனால் வட்டமிட்டது என் விரல்தான்.

சனிக்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து அவளிடம் போனேன். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். துடைத்த இடத்தில் நான் உட்காருவதற்குள் மறுபடி பொடி படிந்துவிட்டது. உள்ளே போய் அறிக்கையைக் கொண்டுவந்தாள். நனையாமல், கிழியாமல் இருக்க லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாவற்றுக்கும் நம் பக்கத்தில் செய்வதுதான். தாள் பளபளத்தது. "சாம்பல் வண்டல்" என்ற இடத்தில், லேமினேஷனுக்கு முன்பே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாள்.

"திங்கக்கெயம கலெக்டராண்ட கூப்ட்டுகீறாங்கோ மேடம். இத்த நீட்டிட்டா முட்ஞ்சு போச்சு."

சொன்னேன். அந்தச் சொல் அங்கே நிறம் என்று சொன்னேன். ஆங்கிலத்தில் வேறு மாதிரி இருக்கிறது, அதிகாரி அதைத்தான் பார்ப்பார் என்று சொன்னேன். நான் கார்டில் எழுதிய விதம், வட்டம், காலியாக விட்ட கட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடியையும் சொன்னேன். அவள் தாளை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப சாம்பலுக்கு இன்னா வார்த்த போட்ணும் மேடம்?"

மணல், வண்டல், களி என்று கார்டில் உள்ள மூன்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பதினாறு வருடம் இதே வேலை.

அவள் உள்ளே போய் ஒரு பேனாவோடு வந்தாள். "நீ எய்தனதுதான? நீயே எய்து. இது மண்ணு இல்ல, கொட்டனதுன்னு எய்திக் கையெய்த்துப் போடு."

பேனாவை வாங்கினேன். மை பிடிக்கவில்லை. பிளாஸ்டிக்கின் மேல் முனை வழுக்கிக்கொண்டு போனது. அழுத்தினேன், கீறல்தான் விழுந்தது. கேட்டிருந்தால் வேறு தாள் கொடுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. பேனா எழுதவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசுவாசம் வந்தது. அந்த ஆசுவாசத்தை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

"பரவால்ல வுடு," என்றாள். "நேர்ல வந்து வாயால சொல்லிடு. நீ பட்ச்சவ, நீ சொன்னா கேப்பாங்கோ. பத்து மணிக்கு வா."

"வரேன்" என்றேன். கிளம்பும்போது முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு நான் கூடத்துக்குப் போய்விட்டேன். காசிமேட்டில் கட்டும் ஏதோ கட்டடத்துக்கான மாதிரிகள் வந்திருந்தன, சலித்தேன். பத்தேகாலுக்கு அவள் கூப்பிட்டாள். மறுபடி பத்தரைக்கு. பதினொன்றுக்கு. கையில் ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனைத் துணியின்மேல் கவிழ்த்து வைத்தேன். தலைவர் அந்தப் பக்கமாக வந்து, "எல்லாம் சரியா போகுதுல்ல?" என்று கேட்டார். சரியாகப் போகிறது என்றேன்.

மத்தியானம் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், மின்விசிறிச் சத்தம். அவள் கோபமாகப் பேசவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மேடம், மண்ணு எட்த்தவங்களே சாம்பல்தான்னு சொன்னாங்கோன்னு சொல்லிகீறேன். அவுங்க பேர் இன்னான்றாரு கலெக்டரு. பேப்பர்ல உன் பேர் இல்ல. என் போன்ல மண்ணு மேடம்னுதான் போட்டுவெச்சுகீறேன். அத்த சொன்னேன், சிரிக்கிறாங்கோ. உன் பேர் மட்டும் ஒருவாட்டி சொல்லிடு மேடம். நிக்கிறேன் இங்கியே."