மகளுக்குச் சொல்லாத சொல்

என் மகளுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். டென்மார்க்கில், சில்க்போர்க்கில் பிறந்த பிள்ளை, வேறென்ன செய்ய? ஆனால் ஒரே ஒரு தமிழ்ச் சொல் அவள் காதில் விழவே கூடாது என்று அவள் பிறந்தபோதே முடிவெடுத்திருந்தேன். வண்டு.

சண்டைக் காலத்தில் வன்னியில் ஆளில்லா விமானத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றும். அது பார்த்துவிட்டுப் போனால் பின்னாலேயே குண்டு வரும். பங்கருக்குள் அம்மா என் தலையை மண்ணோடு அமத்திப் பிடிப்பார். அந்தக் கை இன்னும் என் பிடரியில் இருக்கிறது. அதை என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

பிறகு அந்த இலையுதிர்காலம் வந்தது. விமான நிலையங்களுக்கு மேலே டிரோன் பறந்ததாகச் செய்தி. எங்கள் பக்கத்து விமானப்படைத் தளத்துக்கு மேலேயும் கண்டார்களாம். யாருடையது என்று எவரும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோர் வாயிலும் ரஷ்யாதான். உக்ரைன் விழுந்தால் அடுத்தது பால்டிக் நாடுகள், அதற்கடுத்தது நாங்கள் என்று கோப்பி குடித்தபடி கணக்குச் சொன்னார்கள். வன்னியில் ஆமி முன்னேற முன்னேற, பரந்தன் போனால் கிளிநொச்சி, பிறகு விசுவமடு என்று இதே குரலில் கதைத்ததைக் கேட்டவள் நான்.

மூன்று நாளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் வைத்திருக்கும்படி அரசாங்கம் சொல்லியிருந்தது. நான் அரிசி, பருப்பு, ரின்னில் அடைத்த மீன் என்று அடுக்கினேன். பக்கத்து ஊரான பிராண்டேக்கு வேலைக்குப் போய்வரும் என் கணவர் சிரித்தார்.

"மூண்டு நாளைக்கெண்டுதான் சொன்னவங்கள். நீ மூண்டு வருசத்துக்கு அடுக்கிறாய். ரஷ்யாக்காரன் வந்தா நேர எங்கட வீட்டுக்குத்தான் சாப்பிட வருவான்."

"ஓம், சிரியுங்கோ. நீங்கள் சின்னனிலயே இங்க வந்திட்டியள். உங்களுக்கென்ன தெரியும்?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டு வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மகள் டிரம்போலினில் துள்ளிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த இரைச்சல் கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவளை இழுத்துப் புல்லில் விழுத்தி, தலையை நிலத்தோடு அமத்தி, "வண்டு! அசையாத! வண்டு!" என்று கத்தினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. கையில் ரிமோட். கூரை ஓடு உடைந்திருக்கிறதா என்று பார்க்க டிரோன் விட்டாராம். பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒரே வெட்கம், ஒரே கோபம். அந்த மனுசன் ஏணி வைத்து ஏறியிருக்கக் கூடாதா!

கன்னத்தில் புல் ஒட்டியிருக்க, வண்டு என்றால் என்னவென்று மகள் டேனிஷில் கேட்டாள்.

"அது ஒரு பூச்சி, குஞ்சு. அம்மா பூச்சிக்குப் பயந்திட்டன்."

அவள் நம்பவில்லை. கூடையோடு கொட்டிக் கிடந்த உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஷ்யா இந்த ஊருக்கு ஒரு சிப்பாயைக்கூட அனுப்பத் தேவையில்லை, பயத்தைப் பரப்ப என்னைப்போல நாலு தாய்மார் போதும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டு கிழமை போனது. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிறு காலை, சம்பலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மகள் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். என் சட்டையைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்தாள். அப்போதுதான் எனக்கும் கேட்டது. தெருவில் யாரோ மெஷினால் இலைச் சருகை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இரண்டு கையாலும் என் பிடரியை அமத்தி, தலையைத் தரையோடு வைத்தாள்.

"வண்டு, அம்மா. அசையாத," என்று தமிழில் சொன்னாள்.